தோண்டி எடுத்த வெளிச்சம்

அந்தக் காலத்தில், தரையில் காதை வைத்துப் படுத்தால் ஒரு மூச்சு கேட்கும். நெல் அவிக்கும் பானையின் மூடி மெல்ல ஏறி இறங்குவது போன்ற மூச்சு. மண்ணுக்கடியில் ஒரு பழைய காடு தூங்கிக்கொண்டிருந்தது. வெயிலைக் குடித்துக் குடித்து நிறைந்து, பிறகு புதைந்துபோன காடு. அதை எழுப்பக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும்.

எழுப்ப வேண்டிய தேவையும் இல்லை. சூரியனும் காற்றும் அப்போது மனிதரோடு பேசுவார்கள். கேட்டால் வெளிச்சம் தருவார்கள். பகலில் சட்டியை நீட்டினால் சூரியன் நிறைய ஊற்றுவான். அது இரவு முழுதும் எரியும். ஆனால் விளக்கு வைத்த பிறகு உப்பையும் ஊசியையும் நாம் கைமாற்றாத மாதிரி, அவனும் எதையும் தர மாட்டான்.

அறுப்பு நாள் ஒன்றில் செங்கமலம் சட்டியை நீட்ட மறந்துபோனாள். பொழுது சாயும்போது அவள் மகள் பூவாயிக்கு வலி கண்டது. தலைப்பிள்ளை. வீட்டில் பொட்டு வெளிச்சம் இல்லை. மருத்துவச்சி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இருட்டில் நான் கை வைக்க மாட்டேன், தாயே. ரெண்டு உயிர்."

செங்கமலம் மேற்கே ஓடினாள். "அண்ணே, ஒரே ஒரு சட்டி!"

"விளக்கு வைத்தாயிற்றே, தங்கச்சி. பகலெல்லாம் உன் தலைக்கு மேலேதானே நின்றேன்?" என்று சொல்லிக்கொண்டே சூரியன் இறங்கிப்போனான்.

காற்றைக் கூப்பிட்டாள். பனை உச்சியில் அது சிரித்தது. "கூப்பிட்டதும் வந்து நிற்க நான் என்ன உன் மருமகனா? தோன்றினால் வருவேன்."

அவள் மண்வெட்டியை எடுத்துக் கொல்லையைத் தோண்டினாள். காடு விழித்தது.

"என்னை எரிக்கப்போகிறாயா?"

"ஒரே ஒரு துண்டு. பிள்ளை பிறந்ததும் குழியை மூடிவிடுகிறேன். என் மகள்மேல் ஆணை."

"ஆணையெல்லாம் வேண்டாம். மூடினால் போதும்" என்றது காடு.

பெண் பிறந்தது. தாயும் பிழைத்தாள். அதுவரை செங்கமலம் செய்ததில் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் சூரியன், மனம் கேளாமல், வழக்கத்தைவிட முன்னதாகவே வாசலுக்கு வந்தான். "நேற்று எப்படிச் சமாளித்தாய், தங்கச்சி? கொண்டா, வீட்டில் இருக்கிற சட்டியை எல்லாம் கொண்டா."

தோண்டிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். குழியை மண் தள்ளி மூடாமல், மேலே பாயை விரித்து மறைத்திருந்தாள். கரி படிந்த கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எங்களுக்கு இனி வேண்டாம், அண்ணே. இருக்கிறது."

வேண்டாம் என்று சொன்ன பிறகு எந்த முகத்தோடு சட்டியை நீட்டுவது? அன்று மாலையும் பாயை விலக்கினாள். அடுத்த மாலையும். அக்கம்பக்கத்தார் புகையைப் பார்த்தார்கள். யாரும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அவரவர் கொல்லையில் ஒரு பாய் விரிந்தது.

அந்தக் காலையில் சொல்லாமல் விட்டதிலிருந்துதான், சூரியன் நாள் முழுதும் வாசலில் நின்றாலும், உலகத்து மின்சாரத்தில் பாதிக்கு மேல் இன்னும் புதைந்ததைத் தோண்டி எரித்தே வருகிறது. சூரியன் பிறகு யாரோடும் பேசியதில்லை.

செங்கமலம் நெடுநாள் உயிரோடிருந்தாள். பகலில் மட்டும் வெளியே வரமாட்டாள்.