நாரத்தைச் செடியும் உறைபனி மந்திரவாதியும்

வெகு காலத்துக்கு முன்னால், மேகம் வாசல்வரை இறங்கி வரும் ஒரு மலைநாட்டில் மருதாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் காரியன் விறகுவெட்டி. ஒரு குளிர்காலத்தில், தம்பி வீரணனின் கைக்குழந்தை நடுங்குகிறதே என்று, போகக்கூடாத காட்டுக்குள் போய் ஒரு மரத்தை வெட்டினான். அது வெண்முடியான் என்ற உறைபனி மந்திரவாதியின் காடு.

மந்திரவாதி காரியனை நாரத்தைச் செடியாக்கி, அவன் வீட்டுக் கொல்லையிலேயே நட்டான்.

“மூன்று மார்கழி கருகாமல் நின்றால் மனிதன். கருகினால் விறகு” என்று மருதாயியிடம் சொல்லிவிட்டுப் போனான்.

ஐப்பசி மழை விட்டதும் மருதாயி கொல்லையில் இறங்கிவிடுவாள். சருகைக் கூட்டி வேரடியில் குவிப்பாள். நான்கு குச்சி நட்டு, இலையில் படாமல் வைக்கோல் கூரை போடுவாள். தண்ணீர் உறைந்தால் பானை வெடிக்கும் என்பதால் கொல்லைப் பானைகளையெல்லாம் கவிழ்த்து வைப்பாள். ஒரு மார்கழி போயிற்று. இரண்டு மார்கழி போயிற்று. மூன்றாவது வருஷம் தன் ஒரே போர்வையையும் கிழித்துச் செடியின் தண்டுக்குச் சுற்றினாள்.

கொல்லை அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. அண்ணன் திரும்பாவிட்டால் முழுக்கத் தம்பிக்கு. வீரணன் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவன் பெண்டாட்டி சடச்சிதான் இருவருக்கும் சேர்த்துப் பேசுவாள்.

“செடிக்குச் சோறூட்டாத குறைதான் அக்கா. ஊரே சிரிக்குது.”

“சிரிக்கட்டும். சிரிச்சா குளிர் தெரியாது.”

மார்கழியின் கடைசி விடியல் வந்தது. மருதாயி எழுந்து வந்து பார்த்தால் கூரையைக் காணோம். வீரணனின் மாடு வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. செடி உப்புப் பூத்ததுபோல் வெளுத்து நின்றது. விறகு அடுக்கின் மேல் வெண்முடியான் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“பதறாதே பெண்ணே. நான் தொட்டது நிற்கும்; வெயில் தொட்டால் விழும்.”

அது அவளுக்குத் தெரியும். பனி பிடித்த இலையில் வெயில் பட்டால் கருகிவிடும்; அதற்குமுன் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். ஆனால் பானைகள் கவிழ்ந்து கிடந்தன. ஓடைக்குப் போய்த் திரும்புவதற்குள் சூரியன் வந்துவிடும். குடிக்க வைத்திருந்த செம்புத் தண்ணீர் ஒரு கிளைக்குக்கூடப் போதவில்லை. ஓடிப்போய்க் கொழுந்தன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“தம்பி, ஒரு குடம் தண்ணி!”

“இருந்தது குளிக்கக் காயுது அண்ணி.”

“ஒரு போர்வை குடுங்க. மறைச்சுப் பிடிக்கிறேன்.”

“பிள்ளை போர்த்தியிருக்கு” என்றாள் சடச்சி.

“அப்போ ரெண்டு பேரும் வந்து என்கூட நில்லுங்க. நிழல் விழுந்தாப் போதும்.”

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

மருதாயி திரும்பி வந்தாள். செடிக்குக் கிழக்கே நின்று, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். வெயில் வந்தது. அவள் நிழல் செடிமேல் விழுந்தது. வெயில் நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள்.

“கை வலிக்குமே?” என்றான் மந்திரவாதி.

“வலிக்குது.”

“கொஞ்சம் உட்காரேன்.”

“உட்கார்ந்தா நிழல் சின்னதாயிடும்.”

“செடிக்குள் இருப்பவனுக்குக் காது உண்டு, தெரியுமா? மூன்று வருஷமாக இந்த வீட்டில் பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறான்.”

மருதாயியின் கை ஒரு நொடி தாழ்ந்தது. ஒரு கீற்று வெயில் உள்ளே பாய, சின்னக் கிளை ஒன்று கருகியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கையை உயர்த்தினாள். அதற்குப் பிறகு அவன் என்ன கேட்டும் வாய் திறக்கவில்லை. நிழலுக்குள் பனி மெல்ல மெல்ல இளகி, சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்கியது. கடைசிச் சொட்டு விழுந்ததும் செடி சிலிர்த்தது. செடி இருந்த இடத்தில் காரியன் நின்றான். அவன் இடது சுண்டுவிரல் மட்டும் கரிக்கட்டையாக இருந்தது.

வெண்முடியான் எழுந்தான். “இவள் கால்படும் கொல்லையில் இனி எனக்கு வேலை இல்லை” என்று சொல்லி, புகைபோல் மறைந்துபோனான்.

அப்போதுதான் தாழ்ப்பாள் திறந்தது.

“மாமா! வெந்நீர் காய்ஞ்சிருக்கு, குளிக்க வாங்க!” என்று ஓடிவந்தாள் சடச்சி.

“அண்ணே, எப்படி ஏங்கிப் போனோம் தெரியுமா?” என்றான் வீரணன்.

காரியன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். “தெரியும்டா. எல்லாம் கேட்டுட்டுதான் இருந்தேன்.”

அவன் குளிக்கவில்லை. கோடாலியை மட்டும் எடுத்துக்கொண்டான். தை பிறந்த அன்றே இருவரும் அடுத்த சரிவுக்குப் போய்விட்டார்கள்.

அங்கே மருதாயி போட்ட கொல்லையில் பனி விழவே இல்லை. நாரத்தை காய்த்தது, வாழை குலை தள்ளியது. நாடே அவளிடம் கன்று வாங்க வந்தது. ஒரு வருஷம் வீரணனும் வந்தான். அவன் கொல்லை முழுக்கக் கருகிப்போயிருந்தது. நல்ல கன்றாகப் பார்த்துத்தான் கொடுத்தாள். குச்சி எப்படி நடுவது, வைக்கோல் இலையில் படாமல் எப்படிப் போடுவது என்று எல்லோருக்கும் சொன்னதை அவனுக்கும் சொன்னாள்.

உள்ளே வாங்க என்று மட்டும் சொல்லவில்லை. அவன் வேலிக்கு வெளியே நின்றபடியே வாங்கிக்கொண்டு போனான்.