பிடிபட்ட ஒரே திருடி

"உடைக்கவே முடியாது டீச்சர்! எவனாலயும் முடியாது!"

திருமாறன் கத்தினான். அவன் பூட்டிய பாடங்கள் மூன்றே நாளில் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன.

அவனுடைய குரு என்றதும் தாடி, மரத்தடி என்று கற்பனை போக வேண்டாம். ஜைத்தூன் பாளையங்கோட்டையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். இவனுக்கு என்கிரிப்ஷன், அதாவது தகவலைப் பூட்டும் வித்தை, சொல்லிக்கொடுத்தவள். இவனைவிட ஐந்து வயது சின்னவள்.

அரசுத் தேர்வுக்கு ஆடியோ பாடம் விற்கிற ஓர் ஆப்புக்கு அவன் பூட்டு எழுதியிருந்தான். பணம் கட்டியவர் கேட்கலாம். காப்பி எடுக்க முடியாது. அப்படித்தான் சொல்லியிருந்தான்.

"உட்காருங்க."

"உட்கார முடியல."

"சரி, நின்னுக்கிட்டே ஒரு பாடத்தைப் போடுங்க."

போட்டான். ஜைத்தூன் மேசையிலிருந்த இன்னொரு போனைப் பக்கத்தில் வைத்து ரெக்கார்டை அழுத்தினாள்.

"ஆச்சு. உங்க பூட்டு அப்படியேதான் இருக்கு."

"இது போங்கு டீச்சர்."

"ஆமா. ஆனா பாடம் எங்கிட்ட வந்துட்டுது."

அவன் கடைக்குள் இரண்டு தடவை நடந்தான். "என் பூட்டு ஒண்ணும் சும்மா இல்ல. ஒரு திருடியைப் பிடிச்சிருக்கு. திரையைப் படிக்கிற ஆப்பை ஓட்டிக்கிட்டு உள்ள வந்தா. அப்பவே வெளிய தள்ளிட்டுது. அதுக்குப் புகாரா அனுப்புறா. நான் படிக்கவே இல்ல."

"நம்பர் இருக்கா?"

அவன் கொடுத்த நம்பரை ஜைத்தூன் ஸ்பீக்கரில் போட்டு, ஆப்பிலிருந்து பேசுவதாகச் சொன்னாள்.

"ஆப்காரங்களா? செண்பகவல்லி பேசுதேன்க்கா. ரெண்டு நாளா திறக்க மாட்டேங்கு. எனக்குக் கண்ணு தெரியாது. திரையில இருக்கிறத போன் வாசிச்சுச் சொன்னாத்தான் தொட முடியும். ஞாயித்துக்கிழமை பரீட்சை. மூணு நாள்தான் இருக்கு. காசு கட்டிட்டேன்க்கா."

"சரிம்மா. பாக்கோம்."

போனை வைத்தாள். திருமாறன் உட்கார்ந்துவிட்டான்.

"அவளுக்குத் திறந்தா, அதே வழியில திருடன் வருவான் டீச்சர்."

"திருடன் எதுக்கு வரணும்? அவன் வெளிய உட்கார்ந்து, என்னை மாதிரியே பாதி பாடத்தை ரெக்கார்ட் பண்ணி முடிச்சிருப்பான்."

அவன் மேசையிலிருந்த அந்த இன்னொரு போனைப் பார்த்தான்.

"அந்தப் பிள்ளைக்குத் திறங்க. இன்னைக்கே. மத்த பூட்டெல்லாம் பிறகு."

"சரி டீச்சர்."

வீட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தான். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை, யார் போனையும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுப் பூட்டு தயார். பாடம் யாரிடமிருந்து வெளியே போனாலும் அவர் பெயர் தெரிந்துவிடும். நல்ல வேலைதான், பொய் சொல்லக் கூடாது.

செண்பகவல்லிக்குத் திறக்கச் சொல்லியிருந்தாள் ஜைத்தூன். அதை மட்டும் அவன் செய்யவில்லை.