கழற்றி வைத்த கைப்பிடி

எங்கள் மடம் பெரிய மடமொன்றும் இல்லை. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு மாடி வீடு, எட்டுப் பேர், மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அடுப்பு என் பொறுப்பு. தொட்டி சுயம்புலிங்கம் அண்ணாச்சி பொறுப்பு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எங்கள் குரு அரசியம்மாளைவிட இருபது வயது மூத்த சீடர். தினமும் காலையில் மேலே ஏறி எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, தொட்டி நிறைஞ்சிருக்கு" என்பார். அம்மா சிரிப்பார்.

மாடி அறையில் எங்களில் ஒருவரான மாசானம். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மறுநாள் மதுரையில் ஆபரேஷன்.

"பிழைச்சு வருவேனோ என்னவோ. மூணு வருஷமா செம்புத் தண்ணிதான். ஒரே ஒரு தடவை தலையில கொட்டுற தண்ணியில குளிக்கணும்" என்றார்.

நாற்காலியோடு தூக்கி ஷவருக்கு அடியில் உட்காரவைத்தோம். திறந்தால் மூக்கு ஒழுகுவதுபோல் வந்தது. சல்லடையைக் கழற்றிக் கழுவினேன். அப்போதும் அதே ஒழுக்குதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"வர்றதை வெச்சுக் குளியும்!" என்று எரிந்து விழுந்தார் அண்ணாச்சி.

சொன்ன பிறகு அவருக்கே முகம் செத்துப்போனது. நேரே அம்மாவிடம் போனார்.

"ஜெபத்துல உட்கார்ந்தா நெஞ்சு நிறைஞ்சிருக்கும்மா. ஒரு மனுசன் முன்னால நின்னா மட்டும் இரக்கம் சொட்டுக்கூட வரமாட்டேங்குது. ஏன்?"

"தொட்டியைப் பார்த்துட்டு வருவோம், வாங்க அண்ணாச்சி."

நானும் பின்னால் போனேன். தொட்டி விளிம்பு வரை தளும்பியது. அடியில், குழாய் இறங்கும் இடத்தில் வால்வு இருந்தது. கைப்பிடியைக் காணோம்.

"இதோட கைப்பிடி எங்கே?"

"என் பெட்டியில."

"ஏன் கழட்டினீங்க?"

"பஞ்சம் வந்த வருஷம்மா. ஆளாளுக்குத் திறந்துவிட்டுக் கொட்டினாங்க. முக்கால்வாசி மூடி, யாரும் தொடக்கூடாதுன்னு கழட்டி வெச்சேன்."

"மழை பெஞ்சு அந்தப் பஞ்சம் தீர்ந்து எத்தனை வருஷமாச்சு?"

அண்ணாச்சி விரலை மடக்கினார். நாலாவது விரலில் நிறுத்திவிட்டார். போன மாசம் வந்து வால்வைத் திறக்கப்போன பிளம்பரை, "அதைத் தொடாதேப்பா, அளவா வெச்சிருக்கு" என்று விரட்டியவரும் அவர்தான்.

கீழே போய்க் கைப்பிடியைக் கொண்டுவந்தார். தன் கையாலேயே பொருத்தித் திருகினார். கிறீச்சிட்டது. குழாய்க்குள் திடுதிடுவென்று ஓடியது தண்ணீர்.

கீழே மாசானம் அலறினார். பதறி ஓடினோம். அலறவில்லை மனுசன், சிரிக்கிறார்! தலையில் கொட்டுகிற தண்ணீரில் கண்ணைத் திறக்க முடியாமல், "ஏ யப்பா! கொட்டுதே! கொட்டுதே!" என்று சின்னப்பிள்ளை மாதிரி கத்துகிறார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எதைக் கும்பிடுகிறேன் என்று தெரியாமலே கையெடுத்துக் கும்பிட்டேன்.

அண்ணாச்சி வேட்டியோடு உள்ளே போய் அவர் முதுகைத் தேய்த்துவிட்டார். அம்மா வாசலில் நின்றிருந்தார்.

"தினமும் எட்டிப் பார்த்தேனேம்மா. நிறைஞ்சிருக்கு, நிறைஞ்சிருக்குன்னு தினமும் வந்து சொன்னேனே!"

"இனி குறைஞ்சா வந்து சொல்லுங்க, அண்ணாச்சி."