மடிதாங்கி அம்மனின் ஈரப் புடவை

பூங்காவனத்தம்மாள் காலையில் முதலில் கழுவுவது பள்ளியின் கழிப்பறையை. அதன்பின் தம் கைகளை. பிறகு எதிரே உள்ள மடிதாங்கி அம்மன் கோயில் வாசலில் நின்று, உள்ளே போகாமலே கும்பிடுவார். குளிக்காமல் படியேற மாட்டார், குளித்து உள்ளே போவது மாலையில்தான். மடியில் குழந்தையை வைத்திருக்கும் அம்மன் அவள். "தாயே, இன்னிக்கு எந்தப் பிள்ளையும் அழக்கூடாது" என்பார். கணவரையும் ஒரே மகனையும் காய்ச்சலுக்குக் கொடுத்த அம்மையார், தமக்கென்று எதையும் கேட்டதில்லை.

அந்த மழலையர் பள்ளியில் அவர் ஆயா. மூன்று வயதில் டயப்பரோடு வந்து சேரும் பிள்ளைகள் பலர். பழக்கிவிட வீட்டில் ஆள் இல்லை. தாய் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள், தகப்பன் வண்டி ஓட்டுகிறான். பள்ளியோ பழக்குவது தன் வேலை இல்லை என்றது. டயப்பர் கூடாது என்று ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். நனைத்துக்கொண்ட பிள்ளையை வராந்தாவில் ஈர உடையோடு நிறுத்திவிட்டுத் தாய்க்குப் போன் செய்தார்கள். தாய் வரும்வரை போகிறவர் வருகிறவர் எல்லாம் அந்தப் பிள்ளையைப் பார்த்தார்கள். இதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்தவர்களை என்ன சொல்வது?

அம்மையார் வராந்தாவில் நின்ற பிள்ளைகளைத் தூக்கிப்போய்க் கழுவினார். உயரமான பீங்கான் கழிப்பறையைக் கண்டு அவர்கள் மிரண்டார்கள். ஆகவே அவர் தரையில் அமர்ந்து, கால்களை நீட்டி, கைக்குழந்தையை உட்காரவைப்பதுபோல் தம் பாதங்களின்மேல் உட்காரவைத்தார். "உஸ்ஸ்..." என்று சொல்லிக் காத்திருந்தார். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. திட்டமாட்டார்.

"சென்ட் அடிச்சிட்டு கிளாஸ் பக்கம் வாங்க ஆயா" என்று ஓர் ஆசிரியை மூக்கைப் பிடித்தார்.

"பிள்ளை வாசனைதானே டீச்சர்" என்றார் அம்மையார். மறுபடி கைகழுவப் போனார்.

சஹானா என்ற சிறுமிதான் மிகவும் தாமதித்தாள். நனைந்த பிறகும் நனைந்தது அவளுக்குத் தெரியாது. விஜயதசமிக்குள் கேட்டுப் போகப் பழகாவிட்டால் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார் தாளாளர் கனகசபாபதி. அவள் தாய் ஆயாவிடம் வந்து அழுதாள். "சாயங்காலம் வரைக்கும் இவளை வேற யாரு ஆயா வச்சுப்பாங்க? நான் வேலைய விடணும்."

"சொல்லிடும்மா. பிள்ளை சொல்லிடும்" என்றார் அம்மையார். அன்று மாலை அம்மனிடமும் அதையே சொன்னார்.

விஜயதசமி வந்தது. சின்னப் பிள்ளைகளை அம்மன் சன்னதியில் வரிசையாக உட்காரவைத்து, தட்டில் பரப்பிய அரிசியில் எழுதவைப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். பூசாரி வைத்தியலிங்கம் பூசையைத் தொடங்கிவிட்டார். போட்டோ எடுப்பவர் வெளிச்சத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். அப்போது சஹானா திரும்பிப் பார்த்தாள்.

"ஆயா, ஒண்ணுக்கு."

அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய்த் தூக்கினார்.

"எங்க போறீங்க? உக்கார வைங்க" என்றார் தாளாளர்.

"பிள்ளை கேட்டுடுச்சு சார். முதல் தடவையா வாயத் தொறந்து கேட்டுடுச்சு."

"அஞ்சு நிமிஷம் அடக்கிக்கத் தெரியாதா? போட்டோ முடியட்டும்."

பூசாரியும் கையமர்த்தினார். "நடுவுல எழுந்திரிக்கக் கூடாதும்மா. அம்மன் பூசை."

ஓர் ஆசிரியை பிள்ளையைப் பிடுங்கி உட்காரவைத்தார். சஹானா மறுபடி கேட்டாள். அதன்பின் கேட்கவில்லை. அரிசி நனைந்தது.

"சன்னதியையே அசிங்கம் பண்ணியாச்சு. நாளையிலேருந்து இதுவும் வேண்டாம், நீயும் வேண்டாம்" என்று ஆயாவைப் பார்த்துக் கத்தினார் தாளாளர். மூன்று வயதுப் பிள்ளையை 'இது' என்றார். சுற்றி நின்ற ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தனை பேரும் படித்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள்.

அம்மையார் தம் முந்தானையால் தரையைத் துடைத்தார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டார். அதுவரை அவர் அம்மனிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினார்.

"தாயே, பிள்ளை சொல்லிடுச்சு. இவங்க காதுல விழல. உன் காதுலயாவது விழுந்துச்சா?"

மறுநாள் காலை பூசாரி சன்னதியைத் திறந்தார். அம்மனின் புடவை மடியில் நனைந்திருந்தது. கூரையில் ஒழுக்கு இல்லை, மழையும் இல்லை. வேறு புடவை சாத்தினார். மாலையில் அதுவும் நனைந்திருந்தது. தாளாளர் காணிக்கையாகக் கொடுத்த பட்டைச் சாத்தினார். பட்டும் நனைந்தது. கையில் எடுத்ததும் வந்த வாசனை, பிள்ளை வளர்த்த எவருக்கும் தெரிந்த வாசனை.

செய்தி கேட்டு வந்த தாளாளர், "நல்லாக் கழுவி விடுங்க. பரிகாரம் ஏதாவது பண்ணுங்க" என்றார்.

பூசாரி ஈரப் பட்டை அவர் முன்னே நீட்டினார். "மடியில பிள்ளைய வச்சிருக்கறவ சார் இவ. அந்தப் பிள்ளையும் ஒண்ணுக்குன்னு கேட்டிருக்கும். நாமதான நடுவுல எழுந்திரிக்கக் கூடாதுன்னோம்? இப்ப என்ன பண்ணப் போறீங்க, இவளையும் வராந்தாவுல நிறுத்துவீங்களா?"

தாளாளர் பட்டைத் தொடவில்லை.

பூசாரி அந்தப் புடவையோடு அம்மையார் வீட்டுக்கு நடந்துபோனார். "என் மேலயும் தப்பு தாயி. இதை நீங்கதான் அலசித் தரணும்" என்றார். அம்மையார் அதை வாங்கி, எந்தப் பிள்ளையின் பாவாடையையும் அலசுவதுபோல் அலசினார். முகம் சுளிக்கவில்லை. அவர் கையால் அலசிக் காயவைத்த புடவையைச் சாத்திய பிறகு அம்மன் மடி நனையவில்லை.

சஹானா பள்ளிக்குத் திரும்பினாள். தாளாளரே ஆளனுப்பி இருவரையும் அழைத்தார். அச்சத்தால் அழைத்தாரே தவிர அன்பால் அல்ல. அம்மையார் அதைப் பொருட்படுத்தவில்லை. அவருக்குக் கழுவிவிடப் பிள்ளைகள் இருந்தார்கள்.

இன்றும் அந்தக் கோயிலில் விஜயதசமிப் பூசை தொடங்கும் முன், பூசாரி மணியைக் கீழே வைத்துவிட்டு உரக்கக் கேட்கிறார்: "யாருக்காவது ஒண்ணுக்கு வருதா கண்ணுங்களா?" ஒரு கை உயர்ந்தாலும் பூசை காத்திருக்கும். அம்மனும் காத்திருப்பாள்.

பிள்ளைகள் அச்சமின்றி உட்கார்ந்து எழுந்த பூங்காவனத்தம்மாளின் பாதங்களை வணங்குவோம்.