தேதி இல்லாத செய்தி

குரு சீடனைவிட மூத்தவராக இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. டெல்பின் டீச்சர் அமலதாஸைவிட வயதில் மிகவும் இளையவர். ஆகவே இந்தக் கதையில் குரு சீடனை "சார்" என்றும், சீடன் குருவை "டீச்சர்" என்றும் அழைப்பார்கள். அவர்களுக்குள் இதில் குழப்பம் இருந்ததில்லை.

அமலதாஸ் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஆங்கில உயிரொலிகள் நூற்றாண்டுகளாக எப்படி இடம் மாறின என்று அவரால் ஒரு பருவம் முழுக்கப் பேச முடியும். ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு அதை எப்படிச் சொல்லித் தருவது என்பது மட்டும் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் டெல்பினிடம் வந்திருந்தார்.

கடலோர ஊர் அது. மாலையில் மாதா கோயில் மண்டபத்தில் மீனவப் பெண்களுக்கு டெல்பின் நடத்திவந்த வகுப்பை இப்போது அமலதாஸ் எடுத்துவந்தார். வெளிநாட்டில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போக அவர்கள் ஒரு பரீட்சை எழுத வேண்டும். ஒரு செய்தியைக் கொடுத்து, அதிலிருந்து கேள்வி கேட்கும் பரீட்சை.

அமலதாஸ் அதற்கு ஒரு முறை கண்டுபிடித்திருந்தார். கேள்வியை முதலில் பார். அதிலுள்ள முக்கியமான சொல்லின் கீழ் கோடு போடு. அந்தச் சொல்லைச் செய்தியில் தேடு. பக்கத்தில் பதில் இருக்கும். எழுது, நகர்.

பெண்கள் வேகமாகத் தேறினார்கள். ஒருத்தியைத் தவிர.

"பிரிஜித்தாவை இந்த முறை பரீட்சைக்கு அனுப்ப வேண்டாம், டீச்சர்" என்றார் அமலதாஸ்.

"ஏன் சார்?"

"முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கிறாள். உதட்டை அசைத்து, ஒவ்வொரு வரியாகப் போகிறாள். அவள் பாதி தாண்டுவதற்குள் மற்றவர்கள் தாளைக் கொடுத்துவிடுகிறார்கள். போன வாரம் பாலம் திறந்த செய்தி கொடுத்தேன். அந்தப் பாலம் வருகிற வரைக்கும் அக்கரைப் பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்கூடம் போனார்கள் என்று என்னிடம் கேட்கிறாள்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அது கேள்வியில் இல்லை என்றேன்."



"அவளுக்கு அடுத்த முறை கிடையாது, சார். அந்த வேலைக்கு வயசு வரம்பு இருக்கு. அவ அங்க போய்ச் சேர்ந்துட்டா அவ புருஷன் கிளீட்டஸ் கடலுக்குப் போறதை விட்டுருவாராம். அதுக்குத்தான் வாரா."

"பரீட்சை வைக்கிறவர்களுக்கு அதெல்லாம் தெரியாதே."

"தெரியாதுதான். இன்னும் ஒரு வகுப்பு எடுங்க. அப்புறம் நீங்க சொல்றபடி செய்யலாம்."

அந்த வகுப்புக்கு அமலதாஸ் கடலைப் பற்றிய செய்தியாகவே தேர்ந்தெடுத்தார். பழக்கமான விஷயமாக இருந்தால் அவளுக்கும் எளிதாக இருக்கும் என்று நினைத்தார். அது நல்ல எண்ணம்தான். புயலில் சிக்கிய விசைப்படகு ஒன்று கரை திரும்பவில்லை என்றது செய்தி. பழைய செய்தி. ஒரே தாளை வருடா வருடம் பயன்படுத்தலாம் என்பதால் மேலே இருந்த பத்திரிகையின் பெயர், தேதி, ஊர் எல்லாவற்றையும் கத்தரித்துவிட்டுப் படியெடுத்திருந்தார். எல்லாத் தாள்களையும் அவர் அப்படித்தான் தயாரிப்பது.

தாள்களைக் கொடுத்தார். தலைகள் குனிந்தன. கோடுகள் விழுந்தன. மேபல் வழக்கம்போல் முதலில் முடித்து, தாளை நீட்டினாள். படகில் எத்தனை பேர்? சரி. எந்தத் துறை தேடுகிறது? சரி. அமைச்சர் என்ன உறுதி அளித்தார்? சரி.

"ஏ பிள்ள, இன்னும் முதல் பத்தியிலயா நிக்க?" என்று மேபல் பிரிஜித்தாவைச் சீண்டினாள். "நீ போய்ச் சேருறதுக்குள்ள அங்க உள்ள கிழவிய எல்லாம் போய்ச் சேந்துருவாவ."

பெண்கள் சிரித்தார்கள். பிரிஜித்தா சிரிக்கவில்லை. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. விரல் ஒரு வரியில் நின்றது. பின்னால் போய், மறுபடி அதே வரிக்கு வந்தது.

"சார்."

"சொல்லுங்க."

"இது எப்போ?"

"எது?"

"இந்தப் படகு. எப்போ நடந்தது?"

"அது கேள்வியில் இல்லையம்மா. கேள்விக்கு வேண்டியதை மட்டும் பாருங்கள்."

"இல்ல சார். அவிய தங்கல் போயிருக்காவ. இன்னும் வரல்ல."

தங்கல் என்பது நாட்கணக்கில் ஆழ்கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது. அந்த ஊரில் பிறக்காத அமலதாஸுக்கு அந்தச் சொல்லின் பொருள் பிடிபடவில்லை. யாரோ எங்கோ தங்கியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

"வந்துவிடுவார்கள். நீங்கள் எழுதுங்கள்."

பிரிஜித்தா எழுந்தாள். தாள் கையிலேயே இருந்தது. வாசலில் கிடந்த செருப்பை அவள் தேடவில்லை. மண்டபத்தின் படிகளில் இறங்கி ஓடினாள்.

"பதில் தெரியலன்னு ஓடுறா, பாரு" என்றது ஒரு குரல்.

சிரிப்பு பாதியில் நின்றது. அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. துறைமுகச் சாலையில் போய்க்கொண்டிருந்தாள். அந்த ஊரில் ஒரு பெண் அந்தச் சாலையில் அப்படி ஓடுவதற்கு ஒரே காரணம்தான் உண்டு.

பெஞ்சுகள் கீச்சிட்டன. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மேபல் அமலதாஸின் கையிலிருந்த தன் தாளைப் பிடுங்கினாள். முகம் வெளுத்திருந்தது. அவளுடைய தம்பியும் கிளீட்டஸின் படகில்தான் போயிருந்தான்.

"எதுக்கு ஓடுறா சார்? இதுல அப்படி என்ன எழுதியிருக்கு?"

எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் எழுதிய தாள் அது. அமலதாஸ் வாயைத் திறந்தார். அதற்குள் மேபலும் ஓடிவிட்டாள்.

அவர் மூச்சிரைக்கத் துறைமுகத்தை அடைந்தபோது, மீனவர் சங்கத்தின் வயர்லெஸ் அறை வாசலில் பெண்கள் குவிந்திருந்தார்கள். உள்ளே ஒருவர் ஒவ்வொரு படகாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இரைச்சல் மட்டுமே வந்தது. மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் இரைச்சல். அமலதாஸ், "அது பழைய செய்தி, பழைய செய்தி" என்று சொல்லிக்கொண்டே கூட்டத்துக்குள் நுழையப் பார்த்தார். ஒருவரும் திரும்பவில்லை. அந்த நேரத்தில் அவர்களுக்கு வேண்டியது அவருடைய குரல் அல்ல.

கடைசியில் இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் எரிச்சலோடு வந்தது.

"என்னவே, சும்மா சும்மா விளிக்கீரு? வந்துகிட்டுதான இருக்கோம்."

பிரிஜித்தா உள்ளே போய்க் கருவியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அழுகைதான் வந்தது.

"யாரு? ஏ பிரிஜித்தா, நீயா? பிள்ளையளுக்கு என்ன?"

"பிள்ளையளுக்கு ஒண்ணுமில்ல."

"பின்ன என்னத்துக்குக் கரையுற?"

"ஒண்ணுமில்ல" என்றாள் அவள். "இங்கிலீஷ் படிச்சிட்டு இருந்தேன்."

மறுநாள் காலை அமலதாஸ் டெல்பினின் வீட்டுக்குப் போனார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

"தேதியை வெட்டியது என் தவறு, டீச்சர்."



"அந்தச் செய்தி இருக்கா சார்?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். டெல்பின் கேள்விகள் இருந்த கீழ்ப்பகுதியை மடித்து, தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"எனக்குக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க."

அமலதாஸ் வாசித்தார். நல்ல குரல், நல்ல உச்சரிப்பு. முதல் பத்தி. இரண்டாவது பத்தி. அமைச்சரின் உறுதிமொழி. அதற்குப் பிறகு இரண்டு வரிகள் இருந்தன. காணாமல்போனவர்களில் ஒருவரின் மனைவி, தினமும் கணவருக்கு வைக்கும் தட்டை அன்றைக்கும் வைத்துவிட்டுத்தான் கரைக்கு வந்ததாக நிருபரிடம் சொல்லியிருந்தார்.

அமலதாஸின் குரல் அந்த இடத்தில் தடுமாறி நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"இதை நான் கவனிக்கவில்லை, டீச்சர்."

"கேள்வி எழுதினது நீங்கதானே?"

"இதில் கேள்வி கேட்க ஒன்றும் இல்லை என்று விட்டிருப்பேன்."

கடல் பக்கமிருந்து ஏலக்காரரின் குரல் கேட்டது. படகு வந்துவிட்டது போலும்.

"பிரிஜித்தா ஒரு கேள்விக்கும் பதில் எழுதவில்லை. பரீட்சையிலும் இதே மாதிரிக் கேள்விகள்தான் வரும்" என்றார் அமலதாஸ். "அவளை அனுப்பலாமா?"

"பேரைக் கொடுத்துடுங்க. கேள்வியை முதல்ல பார்க்கிற உங்க முறை நல்ல முறைதான் சார். அதை அவளுக்கு வேண்டிய மட்டும் பழக்கிவிடுங்க. அதுக்கு நாள் இருக்கு."

"மேபல்? அவள் எல்லாவற்றையும் சரியாக எழுதியிருக்கிறாள்."

"அவளுக்கு இதே செய்தியை இன்னொரு தரம் கொடுங்க. கேள்வி வேண்டாம்."

அமலதாஸ் தாளைப் பார்த்தார். வெட்டுப்பட்ட மேல் ஓரத்தை விரலால் தடவினார்.

"இந்த முறை தேதியைப் போட்டுக் கொடுத்துவிடட்டுமா, டீச்சர்?"

"வேண்டாம் சார்" என்றார் டெல்பின். "அவ கேக்கட்டும்."