டிர்ரீ யார் வீட்டுச் சொல்?

நெட்டைக்குளத்துக் கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி நாலு முட்டை இட்டு அடைகாத்தது. கூடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சரளைக் கல்லுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். இருபது நாள் ஓடிவிட்டது. இன்னும் ஒரு வாரம் தள்ளிவிட்டால் குஞ்சு பொரித்துவிடும்.

தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிற குருவிக்குப் புதருக்குப் பின்னால் வருகிறவன் தெரிவானா? தெரிய மாட்டான். அதற்குக் கண்ணும் காதும் அக்கம்பக்கத்தார்தான். மருதமரத்து உச்சியில் மந்திக் கூட்டம். கரையில் புள்ளிமான்கள். தண்ணீர் ஓரத்தில் தவளைகள். ஆளுக்கொரு மொழி. நிறுத்தி நிதானமாகப் பேசினால்தான் ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு விளங்கும்.

ஆனால் "டிர்ரீ" என்ற ஒரு சொல் மட்டும் எல்லா மொழியிலும் இருந்தது. இடி இடித்தால் தவளைகள் அதைச் சொல்லும். குட்டியை அதட்டும்போது தாய் மந்தி சொல்லும். கசப்புத் தழையைக் கடித்துவிட்ட மான் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்லும். அதெல்லாம் அவரவர் வீட்டுப் பேச்சு. மூன்று தரம் அடுக்கிச் சொன்னாலோ குளம் முழுவதற்கும் ஒரே அர்த்தம்: ஆபத்து! முதலில் பார்த்தவர் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் ஓட வேண்டும். அது அந்தக் குளத்து வழக்கம்.

இந்த வழக்கத்தால் வயிறு காய்ந்தவர் ஒருவர் உண்டு. நரியார்! எந்தப் பக்கம் பதுங்கி வந்தாலும் "டிர்ரீ, டிர்ரீ, டிர்ரீ!" ஒரு தவளைகூடச் சிக்காது. நண்டு தின்று தின்று அவருக்கு நாக்கே செத்துவிட்டது.

ஒரு நாள் காலையில் நரியார் காய்ந்த பனையோலை ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தார். கிட்டே வராமல் எட்டவே நின்றார்.

"பயப்படாதீங்க! நான் சொல் ஆராய்ச்சிக்கு வந்திருக்கேன். டிர்ரீங்கிறது யார் மொழிச் சொல்?"

"எங்க மொழிதான்!" என்றது மந்தித் தலைவர்.

"யாரு சொன்னது? எங்க பாட்டன் காலத்துச் சொல்லு அது!" என்றது கிழட்டுக் கலைமான்.

"நாங்க தண்ணிக்குள்ள இருந்தப்பவே சொன்னோம். அப்ப உங்க பாட்டன் எங்கே இருந்தாரு?" என்று தவளை மூப்பன் தொண்டையை உப்பிக்கொண்டார்.

"ஆகா, ஆகா!" என்றார் நரியார். "ஒருத்தர்தான் சொந்தக்காரர். மத்த ரெண்டு பேரும் திருடினவங்க. எல்லாம் இந்த ஓலையில இருக்கு."

தவளை மூப்பன் எட்டிப் பார்த்தார். "இதுல ஒண்ணுமே எழுதலையே!"

"அவ்வளவு பழசு, பெரியவரே! எழுத்தே தேஞ்சு போச்சு!"

மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். பிறகு சண்டை தொடங்கியது. மூன்று நாள் நடந்தது. கடைசியில் நரியாரே தீர்ப்பும் சொன்னார். ஆராய்ச்சி முடியும்வரை அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. அவரவர் மொழியில் கலப்படம் இல்லாமல் புதுச் சொல் ஒன்று கட்டிக்கொள்ளலாம்.

மந்திகள் ராவும் பகலும் உட்கார்ந்து கட்டின. "உச்சிக்கிளையேகுமாறுரைக்கும் இடர்முன்னறிவிப்பு!" சொல்லி முடிக்க இரண்டு தரம் மூச்சு வாங்க வேண்டும். இருந்தால் என்ன? சொல்லும்போது வாய் மணந்தது! மான்களும் தவளைகளும் அதற்குக் குறையாமல் ஆளுக்கொன்று கட்டிக்கொண்டன.

ஆள்காட்டிக் குருவி முட்டைகளை விட்டு எழுந்தது. மரத்தடிக்கு ஓடியது.

"அண்ணே, நீங்க சொல்றது எனக்கு எப்படிண்ணே விளங்கும்? நாலு முட்டை கிடக்கு. இன்னும் நாலே நாள்தான்!"

"அதுக்கு? உன் முட்டைக்காக நாங்க திருட்டுப் பட்டம் கட்டிக்கணுமா?" என்றது மந்தித் தலைவர்.

மானிடம் போனது. "எங்க மொழியைக் கத்துக்கோயேன்! இலக்கணம் ஆறே மாசத்துல வந்துடும்," என்றது மான்.

"ஆறு மாசமா? நரிக்கு அவ்வளவு பொறுமை இருக்குமா மாமா?"

"நரியைப் பத்தித் தப்பாப் பேசாதே. படிச்சவர்!"

குருவி திரும்பி வந்து முட்டைமேல் உட்கார்ந்தது.

மறுநாள் சாயங்காலம் நரியார் நாணல் ஓரமாக வந்தார். மரத்து மேலிருந்த மந்தித் தலைவர் அவரைப் பார்த்துவிட்டது. கடமை தவறாமல் கத்தியது: "உச்சிக்கிளையேகுமாறுரைக்கும்..."

"என்ன சொல்றாரு மேலே?" என்று ஒரு தவளை கேட்டது.

"பாட்டுப் படிக்கிறாரு போல. நல்லாத்தான் இருக்கு," என்றார் தவளை மூப்பன். அதுதான் அவர் கடைசியாகப் பேசிய பேச்சு. மந்தி "முன்னறிவிப்பு" என்று முடிப்பதற்குள் நரியார் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துச் சரளைக்கே வந்தார். இரண்டடி தள்ளி இரை பொறுக்கிக்கொண்டிருந்த குருவி திரும்புவதற்குள் ஒரு முட்டை போய்விட்டது. கரக்கென்று சத்தம் கேட்டதும் குருவிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ!

"டிர்ரீ! டிர்ரீ! டிர்ரீ!"

"அம்மணி, அம்மணி!" என்றார் நரியார், ஓடு ஒட்டிய வாயோடு. "அந்தச் சொல் விசாரணையில இருக்கு!"

குருவி நிறுத்தவில்லை. குளத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை, ஓலையைத் தேடவில்லை. எல்லார் தொண்டையிலிருந்தும் அந்தச் சொல் தானாகத் திரும்பி வந்தது. தவளைகள் தொபதொபவென்று குதித்தன. மந்திகள் உச்சிக்குத் தாவின. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த முப்பது மான்களும் கரையேறிச் சரளைமேலேயே பாய்ந்து வந்தன.

குருவி முட்டைகளின்மேல் இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு நின்றது. முன்னால் வந்த கலைமான் அதைப் பார்த்துச் சட்டென்று ஒதுங்கியது. பின்னால் வந்தவை எல்லாம் அதே பக்கம் ஒதுங்கின. அவை ஒதுங்கிய பக்கத்தில்தான் நரியார் நின்றுகொண்டிருந்தார்.

குளம்பு மேலே குளம்பு! உருண்டார், புரண்டார். வாலை யாரோ மிதித்தார்கள்.

"டிர்ரீ! டிர்ரீ! டிர்ரீ!" என்று அலறினார் நரியார்.

புழுதி அடங்கியது. ஒரு குட்டித் தவளை தண்ணீரிலிருந்து தலையை நீட்டியது. "நரி மாமா, நீங்க இப்பச் சொன்னது எந்த மொழி?"

மூன்று காலால் நொண்டிக்கொண்டே போன நரியார் அப்புறம் அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

மந்தித் தலைவர் மெல்லக் கீழே இறங்கியது. தலையைச் சொறிந்தது. "அப்போ இது நரி மொழியிலயும் இருக்கு. சொந்தக்காரங்க நாலு பேரா? இதுக்கு ஒரு கூட்டம் போட்டு..."

"போடுங்கண்ணே, நல்லாப் போடுங்க!" என்றது குருவி. "தவளை மூப்பரு வந்து உட்காருவாரான்னு மட்டும் முதல்ல கேட்டுட்டுப் போடுங்க!"

மந்தி மறுபடி மரத்தில் ஏறிக்கொண்டது. குருவி மிச்சமிருந்த மூன்று முட்டைகளையும் அலகால் ஒதுக்கிச் சேர்த்து, அவற்றின்மேல் உட்கார்ந்தது.

ஆகையால் பிள்ளைகளே, ஒரு சொல் யார் வீட்டில் பிறந்தது என்று அடித்துக்கொள்ளாதீர்கள். ஆபத்து நேரத்தில் அடுத்தவர் காதில் போய் விழுந்து அவரைக் காப்பாற்றும் சொல் எல்லாருக்கும் சொந்தம்.