சிலம்பன் அறுத்த கயிறு

மலைமேல் இருந்த ஊர்களுக்கு அப்போது சாலை கிடையாது. அரிசியும் உப்பும் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏறிப் போகும். காப்பிக்கொட்டையும் ஆரஞ்சும் அதே முதுகில் இறங்கி வரும்.

சிலம்பன், போதன், இருளாயி மூவரும் சேர்ந்தே கழுதை ஓட்டினார்கள். ஒருவர் சுமை சரிந்தால் மூவரும் நிற்பார்கள். ஒரே சட்டியில்தான் கஞ்சி.

பாதி வழியில் ஒரு கல்மண்டபம். அங்கே தனியாக இருந்த பெண்ணை எல்லாரும் தாயி என்று கூப்பிட்டார்கள். சிலம்பனைவிட அவளுக்கு இரண்டு மூன்று வயது குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் அவன் அவளைத்தான் குருவாக வைத்திருந்தான். போகும்போதும் வரும்போதும் கொஞ்ச நேரம் அவள் எதிரில் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவான்.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் வந்தவன் உட்காரவில்லை.

"தாயி, ஒரு பொய் சொல்லிட்டேன்."

"சொல்லு."

"ஆத்துல வெள்ளம் வந்தா கழுதைங்களை ஒரே கயித்துல கட்டித்தான் இறக்குவோம். அன்னைக்குப் போதனும் இருளாயியும் அக்கரையில நின்னு இழுத்தாங்க. நான் நடுவுல என் கழுதையோட. எனக்குப் பின்னால போதனோட கழுதை செம்பி. திடீர்னு செம்பிக்குக் கால் வழுக்கிருச்சு. அது இழுத்ததுல என் கழுதையும் சாஞ்சுது. பயந்துட்டேன். கத்தியை எடுத்துக் கயித்தை அறுத்துட்டேன். செம்பி வெள்ளத்தோட போயிருச்சு. தண்ணி தெறிச்சதுல அவங்களுக்கு என் கை தெரியல. கயிறு அந்துபோச்சுன்னு சொல்லிட்டேன்."

தாயி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட இருந்த ரெண்டு கழுதையில ஒண்ணைப் போதனுக்குக் குடுத்துட்டேன். இப்ப ஊரெல்லாம், கூட்டாளின்னா சிலம்பன் மாதிரி இருக்கணும்னு பேசுது. போதனே சொல்றான். காது குடுத்துக் கேக்க முடியல. இன்னும் எதைக் குடுத்தா இது தீரும்?"

தாயி எழுந்தாள். மண்டபத்துப் படியில் நின்று, அவன் கழுதைமேல் ஏறி உட்கார்ந்தாள். அவள் அந்த இடத்தை விட்டு வெளியே போய் யாரும் பார்த்ததில்லை.

"போதன் எங்க?"

"கீழ ஊத்துக்கிட்ட. தண்ணி காட்டிக்கிட்டு இருப்பாங்க."

"ஓட்டு."

வழியில் சிலம்பன் கேட்டான். "நீங்களே சொல்லிடுவீங்களா, தாயி?"

"எனக்கு அந்த ஆறு தெரியாது" என்றாள்.

ஊற்றருகே இருளாயி அவசரமாகச் சாக்கை விரித்துப் போட்டாள். தாயி உட்கார்ந்தாள். யாரையும் பார்க்கவில்லை.

"என்ன மாப்ளே, தாயியையே இறக்கிக் கூட்டிட்டு வந்துட்டே!" போதன் சிரித்தான்.

சிலம்பன் இரண்டு தடவை ஆரம்பித்து நிறுத்தினான். மூன்றாவது தடவை சொல்லி முடித்தான்.

போதன், சிலம்பன் கொடுத்த கழுதையின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கை நிற்கவில்லை. தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"நீ அறுக்கறப்ப செம்பி எந்திரிச்சுக்கிட்டு இருந்துச்சே. அது உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

போதன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ரெண்டு நாளு ஆத்தோரமாவே தேடுனோமே அண்ணே" என்றாள் இருளாயி. "நீயும்ல செம்பி செம்பின்னு கூப்பிட்டுக்கிட்டே வந்தே."

சிலம்பன் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தாயி நடந்தே மேலே போனாள்.

நான்கு நாள் கழித்து மறுபடியும் அந்த ஆறு. வெள்ளம் இன்னும் வடியவில்லை. சிலம்பன் தன் கழுதையைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். அவர்கள் போனபிறகு தனியாக இறங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

போதன் வந்தான். சிலம்பனுடைய கழுதையில் கயிற்றைக் கட்டினான். அதற்குப் பின்னால் தன் கழுதையைக் கட்டினான். முடிச்சை இழுத்துப் பார்த்தான்.

"கத்தி இருக்கா?"

"தூக்கி எறிஞ்சுட்டேன்."

போதன் தன் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து நீட்டினான்.

"நடுவுல வர்றவன்கிட்ட கத்தி இருக்கணும்."

சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போய்விட்டான்.

அன்றைக்கு எல்லாரும் பத்திரமாகக் கரையேறினார்கள். மத்தியானம் சிலம்பன் மண்டபத்துக்கு வந்தான். கழுதைமேல் சரக்கு இல்லை. அவனுடைய துணிமூட்டையும் பாத்திரமும் இருந்தன.

"வேற மலைப்பக்கம் போறேன், தாயி. உத்தரவு குடுங்க."

"விரட்டிட்டாங்களா?"

"இல்ல."

"திட்டுனாங்களா?"

"அதுகூட இல்லையே தாயி! இருளாயி எனக்கும் சேத்துத்தான் கஞ்சி ஊத்துறா. போதன் அவன் கழுதையை என் பின்னாலதான் கட்டுறான். நாலு அடி போட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அவங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டு ஒரு வாய் இறங்க மாட்டேங்குது."

"போறேன்னு அவங்ககிட்டச் சொன்னியா?"

சிலம்பன் தலையைக் குனிந்துகொண்டான். "சொல்லல. கீழ எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. நான் இப்படியே பின்பக்கமா இறங்கிப் போயிடலாம்னு..."

தாயி அவனையே பார்த்தாள்.

"அன்னைக்குப் பயந்து அறுத்தே" என்றாள். "இன்னைக்கு வெக்கப்பட்டு அறுக்கப் பாக்குறே."